அரைத்துயிலில் ஒருத்தி

மாலை ஏழரை மணிக்குத் தமயந்தி விழித்துக்கொண்டபோது, வழக்கம்போலச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. சோறு வடிக்கப்பட்டிருந்தது, பாத்திரங்கள் துலக்கிக் கவிழ்க்கப்பட்டிருந்தன, உலர்ந்த துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. இவற்றுள் எதையும் அவள் செய்யவில்லை. அவளுடைய உடம்பு செய்திருந்தது. பிடரியில் பற்றியிருந்த துயில்பட்டை சிறிதாக ஒலித்துத் தானே கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். இரண்டு தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. அந்த வீட்டில் இருப்பவர்கள் மூவர்.

“ஏனுங்க, வெயினி எங்கீங்க?”

கூடத்தில் மடிக்கணினியோடு அமர்ந்திருந்த சென்னியப்பன் தலை நிமிராமலே சொன்னான்: “டியூஷன்ல இருப்பா.”

“நீங்க எப்ப வந்தீங்க?”

“ஆறு மணிக்கு.”

“அப்ப வீட்ல இருந்தாளா?”

அவன் இப்போது நிமிர்ந்தான். “நீதானே வீட்ல இருந்தே?”

திருப்பூரில் அன்றைக்கு அந்தக் கேள்விக்கு அவளைப்போல் விடை சொல்ல இயலாத பெண்கள் பல்லாயிரம் பேர் இருந்தனர். பின்னலாடை நிறுவனங்கள் தம் பெண் அலுவலர்களுக்குத் துயில்பட்டை வழங்கத் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம் அறிவு உறங்கும். கை பழகிய வேலைகளை உடம்பு செய்துகொண்டிருக்கும். உறக்கமும் வீட்டு வேலையும் ஒரே வேளையில் முடிந்துவிடுவதால், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் மிச்சம். பெண்களுக்கு அவர்களுடைய நேரத்தைத் திருப்பித் தந்துவிட்டோம் என்று நிறுவனத்தார் மேடை போட்டு முழங்கினர். தந்த நேரத்தை மறுவாரமே அவர்களே எடுத்துக்கொண்டனர்: வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் இரவுப் பணி தமயந்திக்கு வந்து சேர்ந்தது. வீட்டு ஆண்கள் விழித்திருக்கும்போதே அவ்வேலைகளில் பாதியைச் செய்திருந்தால் இப்படியொரு கருவிக்கே தேவை இருந்திராது. அந்தக் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து நின்று இதைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை, கைதட்டினார்கள்.

டியூஷன் ஆசிரியை வெயினி வரவில்லை என்றார். இரண்டு தோழிகளின் வீடுகளில் கேட்டார்கள், அங்கும் இல்லை. அவளுடைய போன் புத்தக அலமாரியில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பள்ளிப்பை கிடந்தது, ஊருக்கு எடுத்துச் செல்லும் துணிப்பை இல்லை. வெயினிக்கு வயது பதின்மூன்று. இளவெயினி என்பது முழுப்பெயர்.

தமயந்தி சமையலறைக்குத் திரும்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சோறு கட்டி எடுத்துச் செல்லும் மூடியிட்ட தூக்குப்போசி அதன் இடத்தில் இல்லை. கழுவிக் கவிழ்த்த வாணலியை முகர்ந்தாள். புளியும் பெருங்காயமும் மணத்தன. ஆனால் மேசையில் இருந்தது ரசமும் பொரியலும்.

“புளிச்சோறு கிண்டியிருக்கேனுங்க,” என்றாள். “கட்டுச்சோறு கட்டிக் குடுத்து நானே அனுப்பியிருக்கேன்.”

சென்னியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டான். “ஸ்டேஷனுக்குப் போலாம், வா.”

“போயி என்ன சொல்றது? பொண்ணு எத்தனை மணிக்குப் போச்சுன்னு கேப்பாங்க. வீட்லதான் இருந்தேன், எனக்குத் தெரியாதும்பேனா?”

“பின்ன என்னதான் பண்றது?”

“யாருகிட்டச் சொல்லிட்டுப் போனாளோ அவகிட்டத்தான் கேக்கணும்.”

பட்டையின் சேவை மையத்தை அழைத்தார்கள். திரையில் தோன்றியவன் பெனடிக்ட் என்று தன் பெயரைச் சொன்னான். முப்பது வயதிருக்கும். செய்தியைக் கேட்டதும் அவன் முகத்திலிருந்த வணக்கச் சிரிப்பு மறைந்தது.

“அரைத்துயில்ல இருக்கும்போது பேசினா உடம்புக்குக் கேக்கும் சார். பதிலும் சொல்லும். வேலை சொல்லி வாங்கறதுக்காக அப்படி வெச்சிருக்கோம். ஆனா முழிச்சதுக்கப்புறம் மேடத்துக்கு ஞாபகம் இருக்காது. அங்க கேட்டது அங்கயே நின்னுரும்.”

“மறுபடி மாட்டினா?” என்றான் சென்னியப்பன்.

“அதுக்கு ஞாபகம் இருக்கலாம். ஆனா ஒரே நாள்ல மூணாவது தடவை மாட்டக்கூடாது சார். மாட்டினாலும் நாப்பது நிமிஷம்தான், தானே கழண்டுரும். அதுக்கு மேல நாளைக்குக் காலையிலதான்.”

“நாப்பது நிமிஷம் போதும்,” என்றாள் தமயந்தி. கணவனைப் பார்த்தாள். “நீங்கதான் கேக்கணும். நான் அங்க இருக்க மாட்டேன்.”

பட்டையைப் பிடரியில் வைத்து அழுத்தினாள். இமைகள் ஒருமுறை தாழ்ந்து உயர்ந்தன. அவ்வளவுதான் வேறுபாடு. அவள் கழுவுதொட்டிக்குப் போனாள். அங்கே பாத்திரம் இல்லை. குளிர்பெட்டியைத் திறந்து மறுநாளைக்கான அவரைக்காயை முறத்தில் கொட்டிக்கொண்டு தரையில் அமர்ந்து நார் உரிக்கத் தொடங்கினாள்.

சென்னியப்பன் வாசற்படியில் நின்றான். “வெயினி எங்க போனா?”

காய் ஒடியும் ஓசை மட்டும் கேட்டது.

“தமயந்தி, உன்னத்தான் கேக்கறேன். வெயினி எங்க?”

அவன் குரலை உயர்த்தினான். “சொல்றியா, இல்லியா?”

“காப்பி வேணுங்களா?” என்றாள் அவள்.

மேசைமேல் சாய்த்து வைத்த போனிலிருந்து பெனடிக்ட் பேசினான்: “அதட்டாதீங்க சார். அதட்டினா ஏதோ வேலை சொல்றீங்கன்னு எடுத்துக்கும். இதுக்கு முன்னால நீங்க இப்படிப் பேசினதுண்டா?”

“காப்பி கேப்பேன். துண்டு கேப்பேன்.”

“பாப்பா?”

சென்னியப்பன் எண்ணிப் பார்த்தான். மாலை வேளைகளில் வெயினி இதே தரையில் முறத்துக்கு மறுபுறம் அமர்ந்து வெங்காயமோ பூண்டோ உரித்துக்கொண்டிருப்பாள். வாய் அசைந்துகொண்டே இருக்கும். பாடத்தை ஒப்பிக்கிறாள் என்று நினைத்திருந்தான். அருகே போய்க் கேட்டதில்லை. இதைச் சொன்னான்.

“அப்ப நீங்களும் கீழ உக்காந்து பாருங்க சார். கையில வேலை இருந்தா பேசுதோ என்னமோ. பதினோரு நிமிஷம் போயிருச்சு.”

அவன் அமர்ந்தான். நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாக ஓர் அவரைக்காயைக் கையில் எடுத்தான். நடுவில் ஒடித்தான், நார் அப்படியே நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அவள் எட்டி வாங்கிக்கொண்டாள்.

“மூக்கைக் கிள்ளிக் கீழாம இழுக்கணுங்க,” என்றாள். “வெயினியும் மொதல்ல இப்படித்தான் ஒடிச்சா.”

அவன் காயின் மூக்கைக் கிள்ளினான், இழுத்தான். நார் நீளமாக வந்தது.

“அவ நல்லா இருக்காளா?” என்றான் மெதுவாக.

“பத்திரமா இருக்கா.”

“எங்க?”

“சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“நான் அவளைப் பெத்த அப்பன்.”

“ஆமாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அவளுக்கும் பட்டை மாட்டறதுக்குக் கையெழுத்துப் போட்ட அப்பன்.”

அது உண்மை. வெயினியின் பள்ளியில் மாணவியர் நேர மேம்பாட்டுத் திட்டம் என்றொன்று அறிவித்திருந்தார்கள். பதின்மூன்று வயது நிறைந்த பெண்பிள்ளைகளுக்குப் பட்டை பொருத்துவது. வீட்டில் தாய்க்குச் செய்யும் உதவியை அவர்கள் அரைத்துயிலில் செய்துவிட்டு, மிஞ்சிய நேரத்தைப் படிப்புக்குப் பயன்படுத்துவது. மாணவர்களுக்கு அத்தகைய திட்டம் ஏதும் இல்லை. அவர்கள் வீட்டு வேலை செய்வதில்லையாதலால் தேவைப்படவில்லையாம். சென்ற வியாழக்கிழமை இரண்டு அழைப்புகளுக்கு நடுவே தமயந்தி ஒப்பமிட்டாள். அதற்குக் கீழே சென்னியப்பன் ஒப்பமிட்டான். வெயினியிடம் ஒருவரும் கேட்கவில்லை.

“அவ நல்லதுக்குத்தானே,” என்றான். “வேலையும் ஆயிரும், தூங்கின மாதிரியும் ஆயிரும். படிக்க நேரம் கிடைக்கும்.”

“தூங்கறது யாருங்க?”

“யாருன்னா?”

“அவங்க தூங்கறாங்க. நான் தூங்கறதில்லீங்க.” கை நிற்கவில்லை, குரலில் கோபமும் இல்லை. “கண்ணைத் தொறந்தா அடுப்படி. மூடித் தொறந்தா மறுபடியும் அடுப்படி. நடுவால ஒண்ணுங் கிடையாது. இப்படி ரெண்டரை வருசம்னு வெயினிதான் எனக்குக் கணக்குச் சொன்னா. இத்தனை நாள் ஆக்கிப் போட்டிருக்கேன், ஒரு வாய் தின்னதில்ல. திங்கற நேரத்துக்கு அவங்க எந்திரிச்சு வந்துருவாங்க.”

சென்னியப்பன் போனைப் பார்த்தான். திரையில் பெனடிக்ட் அசையாமல் இருந்தான்.

“இப்படி யாராச்சும் சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டான் சென்னியப்பன்.

“இதுவரைக்கும் யாரும் கீழ உக்காந்து கேட்டதில்ல சார்,” என்றான் பெனடிக்ட்.

இருபத்து நான்கு நிமிடங்கள் கழிந்திருந்தன.

“வெயினிக்குள்ள இன்னொருத்தி வேண்டாம்னுதான் போகச் சொன்னேன்,” என்றாள் அவள். “நீங்க அந்தக் கையெழுத்தைத் திருப்பி வாங்குங்க. வாங்கிட்டா, வாக்கை மீறினாலும் தப்பில்ல. சொல்றேன்.”

“காலையில மொத வேலையா வாங்கிர்றேன்.”

“காலையில நீங்க வேலைக்குக் கெளம்புவீங்க. அவங்களும் கெளம்புவாங்க. இப்பவே வாங்குங்க.”

சென்னியப்பன் தலைமையாசிரியையை அழைத்தான். மூன்றாவது முறைதான் எடுத்தார். நாளைக் காலை எழுதிக் கொடுங்கள் என்றார். மருத்துவக் குழு ஊருக்கு வந்துவிட்டது என்றார். ஒரு மாணவி விலகினால் மற்ற பெற்றோரும் கேள்வி கேட்பார்கள் என்றார்.

“கேக்கட்டுங்க,” என்றான் சென்னியப்பன். “மேடம், எம்பொண்ணைச் சாயங்காலத்துல இருந்து காணோம். அந்தப் பட்டைக்குப் பயந்துதான் போயிருக்கா. அவ பேரை எடுத்துட்டேன்னு ரெண்டு வரி இப்ப அனுப்பினா அவ கிடைப்பா. அனுப்பலைன்னா நான் நேரா உங்க வீட்டுக்கு வர்றேன். வேற போக்கிடமில்லீங்க எனக்கு.”

பார்க்கிறேன் என்று தலைமையாசிரியை போனை வைத்தார். இங்கே முறத்தில் காய் குறைந்துகொண்டே வந்தது. வேலை தீர்ந்தால் அவள் பேச்சும் நின்றுவிடும் என்ற அச்சத்தில் சென்னியப்பன் உரித்த காய்களையே அள்ளி மறுபடியும் முறத்தில் போட்டான். அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். நாரில்லாத காயில் நாரைத் தேடினாள்.

முப்பத்தாறாவது நிமிடத்தில் செய்தி வந்தது. அவன் அதை உரக்கப் படித்தான்: ஒன்பதாம் வகுப்பு இளவெயினியின் பெயர் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

“இன்னொருக்காப் படிங்க.”

படித்தான்.

“தாராபுரம்,” என்றாள். “உங்க அக்கா வீடு. நேரம் இருக்கற வீட்டுக்குப் போறேன்னு சொன்னா.”

“அவங்ககூட நமக்குப் பேச்சுவார்த்தையே இல்லியே.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் அடுப்படிய விட்டு வெளிய போனதில்ல.” உரித்த காயை ஒதுக்கினாள். “அவ போயி, நாலு காய் உரிச்சுக்கிட்டே...”

பட்டை ஒலித்துக் கழன்றது. தமயந்தி கையிலிருந்த அவரைக்காயையும் தரையில் அமர்ந்திருக்கும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன சொன்னேன்?” என்றாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். தூங்குவது யார் என்று அவள் கேட்டதைச் சொல்லும்போது மட்டும் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வசந்தாமணி சென்னியப்பனுக்கு மூத்தவள். மூன்றாண்டுகளுக்கு முன் அவளுடைய கணவர் இறந்தபோது இவ்விருவரும் தாராபுரம் போனார்கள். அரை மணி நேரம் இருந்தார்கள். நேரமாயிற்று என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். பிணம் அப்போதும் வாசலில்தான் கிடந்தது. அன்றோடு பேச்சு நின்றது. தேடும் இடங்களில் அந்த வீடு அவர்கள் நினைவுக்கே வராமற்போனது அதனால்தான்.

தமயந்திதான் அழைத்தாள். கணவரின் அக்காளை நங்கையா என்று அழைப்பது அவர்கள் வழக்கம்.

“நங்கையா, நான் தமயந்தி. வெயினி அங்க வந்திருக்காளுங்களா?”

“எட்டு மணிக்கே வந்துட்டா. நீதான் கட்டுச்சோறு கட்டி அனுப்பினேன்னா. மூணு வருசங் கழிச்சுத்தான் பெரியவங்களுக்குப் புத்தி வந்திருக்குதாட்ட இருக்குன்னு நெனச்சேன்.”

தமயந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள். “அவகிட்டப் போனைக் குடுங்க.”

பக்கத்தில் ஏதோ பேசும் ஒலி கேட்டது. வசந்தாமணி திரும்பி வந்தாள். “பேச மாட்டேங்கறா. நீ வந்து கூப்பிட்டாலும் வர மாட்டாளாம். சின்னம்மா வந்தாத்தான் வருவாளாம். ஏந் தமயந்தி, உனக்கு ஏது தங்கச்சி?”

அன்றிரவு தமயந்தி அலுவலக அழைப்புகள் எதையும் எடுக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு, அவளுடைய உடம்பு அடுப்புப் பற்றவைக்கும் வேளையில், இருவரும் காரில் புறப்பட்டார்கள். பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சென்னியப்பன் பார்த்தான், கேட்கவில்லை.

அவிநாசிபாளையம் தாண்டியபின் அவளே பேசினாள்.

“இதை மாட்டிட்டு உள்ள போனா, கூப்பிட்டதும் வந்துருவா.”

“வருவா.”

“யாரு கூட வருவா?”

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

“மாட்டாமயே விட்டுட்டா அவ என்னாவா?” என்றாள்.

“வெயினியா?”

“அவளில்ல. இன்னொருத்தி.”

சாலையில் பால் வண்டிகள் எதிரே வந்தன. வசந்தாமணியின் வீட்டு முன்னால் வண்டி நின்றதும், தமயந்தி கைப்பையை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

வசந்தாமணி வாசலில் நின்றாள். வாங்க என்றாள், கொல்லைப்புறத்தைக் கைகாட்டினாள். அங்கே வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து விதைக்கடலை குவித்திருந்தது. வெயினி தனியே அமர்ந்து உரித்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிடவேண்டும் என்று தமயந்திக்குத் தோன்றியது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவேண்டும், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவேண்டும், இரண்டு அறை கொடுக்கவேண்டும். இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. சாக்கின் மறுகோடியில், மகளுக்குச் சற்று முன்னால் தள்ளி, பக்கவாட்டில் அமர்ந்தாள். ஒரு கை கடலையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். தலை நிமிரவில்லை.

வெயினியின் கை நின்றது. சிறிது நேரம் சென்றபின் மறுபடியும் தோடு நொறுங்கும் ஓசை கேட்டது.

“வந்துட்டியா,” என்றாள்.

“ம்.”

“அம்மா தூங்குதா?”

தமயந்தி ஒரு கடலையை உரித்து முடித்தாள். “தூங்குது.”

“பஸ்ல எனக்குப் பயமாவே இல்ல. புளிச்சோறைக் காங்கயத்துலயே தின்னுட்டேன். அத்தைக்கு வெக்கல. திட்டாத.”

“ம்.”

“அம்மாவுக்கு எம்மேல கோவமாத்தான் இருக்கும். பாவம். அது கெட்டது இல்ல. நான் ஏதாச்சும் சொல்ல ஆரம்பிச்சா கடியாரத்தைப் பாக்கும். சீக்கிரஞ் சொல்லி முடிக்கணுமேன்னு நான் சுருக்கிச் சுருக்கிச் சொல்லுவேன். சுருக்கிச் சுருக்கி, இப்ப சொல்றதுக்கே ஒண்ணும் இல்லாமப் போச்சு.”

மடியில் உரித்த பருப்பும் உரிக்காத கடலையும் கலந்துவிட்டன. தமயந்தி அவற்றைப் பிரிக்க முயன்றாள், மேலும் கலந்தன.

“போன மாசம் நான் பெரியவளானேன்ல,” என்றாள் வெயினி. “நீ தலைக்கு ஊத்தி, உளுந்தங்களி கிண்டிக் குடுத்தியே. மூணு நாளு. அதைக்கூட அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

வேப்பமரத்தில் காக்கை ஒன்று இருமுறை கத்திவிட்டுப் பறந்தது. பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்து ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டிய செய்தி, அவளுடைய கைகளுக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. தமயந்தி குனிந்தே இருந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்திருந்தாள். அதன்கீழே பிடரி பட்டையில்லாமல் வெறுமையாக இருந்தது. அவள் வந்து உட்கார்ந்த நொடியிலிருந்தே அது வெயினியின் கண்ணுக்கு நேரே இருந்தது.

“அம்மாகிட்டச் சொல்லிடாத,” என்றாள் வெயினி.

“சொல்ல மாட்டேன்.”

வெயினி சாக்கில் நகர்ந்து அருகே வந்தாள். தாயின் மடியில் கலந்து கிடந்ததை அள்ளித் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, பருப்பை வேறு, கடலையை வேறாகப் பிரிக்கத் தொடங்கினாள்.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றாள். “அது ரொம்ப நீளம்.”